வலிக்காத கால்

தொழுநோய் வந்தவர்களின் உள்ளங்காலில் வரும் புண்ணுக்குக் கிருமிதான் காரணம், சதை தானாக அழுகிவிடுகிறது என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. கிருமி அந்த நரம்பைக் கெடுத்துவிட்டால் பாதத்தில் உணர்வு போய்விடும், வியர்வை நின்றுவிடும், தோல் காய்ந்து வெடிக்கும். மருந்து சாப்பிட்டு நோய் முற்றிலும் குணமாகிப் பல வருடம் ஆனாலும் செத்த நரம்பு செத்ததுதான். நமக்குச் செருப்புக்குள் ஒரு சின்னக் கல் புகுந்தால் நாலு அடி வைப்பதற்குள் காலை உதறிவிடுகிறோம். அவர்கள் அந்தக் கல்லோடு சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து, படுக்கும்போது பாயில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். வலிக்காததால் வருகிற புண் அது.

அப்படிப்பட்ட கால்களுக்குச் செருப்பு செய்வது என் தொழில். வேலூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறையில் இளைஞனாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்தவனாக இருப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு அந்தப் பட்டறையைத் தவிர வேறு எதையும் காட்ட எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பாடுவதும் ஜெபிப்பதும் எனக்கு உயிர். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒரு பாதம் என் மடியில் வந்து அமர்கிறதே, அப்போதுதான் முந்தின நாள் நான் பாடியதற்கு என்ன பொருள் என்று தெரியவரும்.

இந்தச் செருப்புகளுக்கு வழிகாட்டிய பால் பிராண்ட் டாக்டரை நான் பார்த்ததில்லை. 1966-லேயே அவர் வேலூரை விட்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய்விட்டார். நான் வேலைக்கு வந்தபோது எம்.டி.டி. கூட்டு மருந்து வந்து நோயைக் குணமாக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பட்டறையில் மூத்தவர்கள் அவர் பேரைச் சொல்லாமல் ஒரு நாளும் போகாது. 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அப்பா 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். இவர் டாக்டருக்குப் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டவர். எங்களுக்கு அதுதான் முக்கியம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து, அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளை அறுவை சிகிச்சையால் விரிக்க வைத்தார். ஆனால் கையோடு நின்றுவிடவில்லை. காலில் திரும்பத் திரும்பப் புண் வருகிறதே, எதனால் என்று தேடினார். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் சின்னச் சின்ன அழுத்தம்தான் உள்ளே சதையை நசுக்குகிறது என்று கண்டார். அதற்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது, செருப்புக்காரனிடம்தான் இருக்கிறது. கத்தி பிடிக்கிற டாக்டர் செருப்புத் தைக்கிறவனோடு சரிசமமாக உட்கார்ந்து ரப்பரைப் பற்றிப் பேசினார் என்று மூத்தவர்கள் சொல்லும்போது அவர்கள் குரலே மாறிவிடும்.

அந்த மாற்றத்தின் காரணம் எனக்குத் தெரியும். என் தாத்தா பேரணாம்பட்டில் டேனரியில் தோல் ஊறவைத்தவர். அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். ஆற்காடு மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எங்களுடையது. தோலைத் தொடுகிறவர்கள் என்ற பேச்சு ஞானஸ்நானத் தண்ணீரோடு போய்விடவில்லை, சபைக்குள்ளும் கூடவே வந்தது. எனக்குப் பெண் கேட்கப் போன ஒரு கிறிஸ்தவ வீட்டில், "பையன் ஆஸ்பத்திரியில வேலைன்னீங்க, செருப்புத் தைக்கிற வேலைன்னு சொல்லவே இல்லியே" என்று கேட்டார்கள். சுவரில் வசனக் காலண்டர் தொங்கியது. என் அம்மா எழுந்து, "நாங்க வர்றோம்மா" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வரும் முன் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் என்று பிரசங்க மேடையில் சொல்லக் கேட்டுப் பெருமைப்படுகிற சபைகள், தங்கள் ஊர்ச் செருப்புக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதை நான் மன்னித்திருக்கிறேன், சரி என்று ஒருபோதும் சொன்னதில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். முதலில் தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவோம். சாய்த்துப் பிடித்தால் அளவு உள்ளே போய்விடும். பிறகு மை தடவிய ரப்பர் பாயில் ஓர் அடி வைத்து நடக்கச் சொன்னால், எங்கே அழுத்தம் அதிகமோ அந்த இடம் கன்னங்கரேலென்று தாளில் பதியும். பெருவிரலின் அடி மேட்டிலும், குதிகாலிலும், சுண்டுவிரல் பக்கத்து ஓரத்திலும்தான் பெரும்பாலும் அந்தக் கறுப்பு விழும். அதற்குப் பிறகு கை. இரண்டு பாதத்தையும் என் கையால் தடவிச் சூடு பார்ப்பேன். புண் வெளியே வருவதற்கு முன்னால் உள்ளே நசுங்கிய இடம் சுடும். கால்காரருக்கு அது தெரியாது, என் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டு, "இங்க பாருங்கம்மா, இது கோபமா இருக்குது, ரெண்டு நாள் நடக்காதீங்க" என்று சொல்வேன்.

உள்ளடியாக வைக்கிற ரப்பருக்கு எம்.சி.ஆர். என்று பெயர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். கடினத்தை அளக்கிற ஷோர் மீட்டரில் 15-லிருந்து 20-க்குள் நிற்க வேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் கனம் பாதியாகக் குறைய வேண்டும், விட்டவுடன் பழையபடி எழும்ப வேண்டும். அதற்கு அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர். பெருவிரலிடுக்கில் வார் வைக்கக் கூடாது. உணர்வில்லாத விரல் செருப்பைக் கவ்விப் பிடிக்காது, கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே போவார்கள். ஆகவே மேலே இரண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். விரல்மேட்டில் பழைய தழும்பு இருப்பவர்களுக்கு அடித்தட்டை வளையாத பலகையாகச் செய்து, மேட்டுக்குச் சற்றுப் பின்னால் உருளும்படி முட்டுக் கொடுப்போம். கால் வளையாமல் செருப்பே உருண்டு அடுத்த அடியை எடுத்துவைக்கும். முட்டு அரை அங்குலம் முன்னே போனால் தழும்பு மேலேயே பாரம் விழும். இவ்வளவும் பசையாலும் மெழுகு நூலாலும்தான். ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

இந்த ஆணி விஷயம் என் மனதை விட்டுப் போனதில்லை. ஒருமுறை வார் அறுந்த ஒருவர் தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் நல்லெண்ணத்தோடு உறுதியாக இருக்கட்டுமென்று இரண்டு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார். எங்களிடம் வந்தபோது ஆணியின் முனை குதிகாலுக்குள் இருந்தது. நடந்துதான் வந்தார். டாக்டர் எடுத்து மருந்து போட்டு அனுப்பினார். எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் மெழுகு நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெரியவர் பக்கத்தில் குந்தி, "தாத்தா, கறுப்பு ரப்பர் செருப்பு வந்தா ஆணி வாணாம், இப்பிடித் தைச்சுக் குடு" என்று காட்டினேன். காரணம் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. பிறகு குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் உட்கார்ந்து தைப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி இதைச் செய்யச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குக் கிடைத்த சமாதானம் உபவாசக் கூட்டத்தில் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல.

ஒரு காரியத்தை மட்டும் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். உருவம் சிதைந்த பாதத்துக்கு அச்சு எடுப்பது. பிளாஸ்டசோட் என்கிற நுரைத்தகட்டை அடுப்பில் 140 டிகிரிவரை சூடாக்கினால் களிமண்போல இளகும். பஞ்சு மெத்தையில் அதை வைத்து, அதன்மேல் அவர் காலை வைத்து அழுத்தினால் பாதத்தின் மேடும் பள்ளமும் அப்படியே பதியும். ஆறினால் இறுகிவிடும். தகடு அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு காலைத் தொட்டால் கொப்புளம்தான். ஆனால் கால்காரர் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார், முகம் சுளிக்க மாட்டார். எனவே முதலில் தகட்டை என் முன்கையின் உள்பக்கத்தில் வைப்பேன். பொறுக்க முடியவில்லையென்றால் காத்திருப்பேன். மிதமான சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த காலுறை போட்ட அவர் பாதத்தை அதில் வைப்பேன். ரொம்பவும் காத்திருந்தால் தகடு இறுகிப்போய் அச்சு விழாது. இடையில் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய தோலாக என் தோல் இருக்க வேண்டும். கர்த்தர் மாம்சமானார் என்று சிறுவயதிலிருந்து விசுவாசப் பிரமாணத்தில் சொல்லி வந்தேன். பிறருக்காகத் தன் உடம்பில் ஒன்றை ஏற்பது என்றால் என்னவென்று இந்த முன்கைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பட்டறையில் காலை ஜெபத்தோடுதான் வேலை ஆரம்பிக்கும். என்னோடு தோல் வெட்டியவர் ஆம்பூர்க்காரர், முஸ்லிம். பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஜெபத்துக்கு வர வேண்டும் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை, அவராகவே ஓரமாக நிற்பார். ரம்ஜான் மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிறவரின் எதிரில் நாங்கள் டீ குடிக்க மாட்டோம், வெளியே போய்க் குடித்துவிட்டு வருவோம். நோயாளிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். ஒருவருடைய கால் என் கையில் இருக்கும்போது நான் சுவிசேஷம் பேசியதில்லை. இதில் என்னோடு மாறுபட்ட ஊழியக்காரர்கள் உண்டு. "எவ்வளவு நல்ல சந்தர்ப்பம், விட்டுவிடுகிறாயே" என்பார்கள். காலை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவரால் எழுந்து போக முடியாது. செருப்பு வேண்டுமே என்று நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். அப்படிப் பெற்ற தலையாட்டல் கர்த்தருக்கு மகிமை என்று எனக்குத் தோன்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, "ஏன்பா, இதெல்லாம் நீ எதுக்கு இப்பிடிப் பாத்துப் பாத்துச் செய்யற?" என்று அவரே கேட்டால் பதில் சொல்வேன். மறைத்ததில்லை. கேட்டவர்களும் உண்டு.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னால் செருப்பு வேண்டுமென்று சித்திரையிலேயே வந்துவிட்டார். கறுப்பு எம்.சி.ஆரில் செய்து நீட்டினேன். வாங்கவில்லை. "இது வாணாம்பா. இதப் போட்டுகினு தெருவுல நடந்தா நான் வாயத் தொறக்கவே தேவையில்ல. செருப்பே சொல்லிடும்" என்றார். அப்போது கறுப்பு ரப்பரும் அகலப் பட்டையும் பார்த்தாலே ஊருக்குத் தெரியும், இது அந்த ஆஸ்பத்திரிச் செருப்பு என்று. நோய் குணமாகி, மருந்து முடிந்து, பேரன் பேத்தி எடுத்த பெண்ணைப் பார்த்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரை ஒதுக்கி வைப்பார்கள். நாங்கள் காலைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்த செருப்பே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவர் வெறுங்காலோடு போகிறேன் என்றார். வைகாசி வெயிலில் தார் ரோட்டில்.

அன்று சாயங்காலம் பாயும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அளவும் ரப்பரும் முட்டும் மாறக் கூடாது. ஓரம் தெரியாமல் மெல்லிய பழுப்புத் தோலால் சுற்றி மடித்தோம். பட்டைக்கு ஆம்பூர்க் கம்பெனிகளிலிருந்து ஏற்றுமதி மிச்சமாக வருகிற மெரூன் தோல். பின்வாரைப் புடவைக்குள் தெரியாத அளவுக்கு மெல்லிசாக்கி, உள்பக்கம் மெத்தை வைத்தோம். முன்னால் ஒரு சின்னப் பித்தளை வளையம், அழகுக்கு. கடைத்தெருவில் பெண்கள் போடுகிற செருப்பு மாதிரி இருந்தது. நேரம் இரண்டு மடங்கு ஆனது. நிர்வாகத்தில், "அழகு எதற்கு, உபயோகம்தானே" என்று கேட்டார்கள். போடாத செருப்பால் என்ன உபயோகம் என்று கேட்டோம். அந்த அம்மா போட்டுப் பார்த்து, எழுந்து, பட்டறைக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருவிழா முடிந்து வந்தபோது, "ஓரகத்தி எங்க வாங்குனேன்னு கேட்டாப்பா" என்றார். பிறகு நிற ரப்பர்களும் வந்தன, எங்கள் வேலை சுலபமாயிற்று. ஒருவருக்கு உதவி செய்து, அந்த உதவியாலேயே அவரைத் தெருவில் தனியே நிற்கவைக்கக் கூடாது. தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பித்ததை நான் அந்த அம்மாவிடமிருந்துதான் புரிந்துகொண்டேன்.

ரப்பரில் ஏமாற்று உண்டு. ஷோர் 30, 35 இருக்கிற சாதாரண ஹவாய் ரப்பரைக் கறுப்பாக்கி எம்.சி.ஆர். என்று அனுப்புவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். ஒரு சப்ளையர் என்னிடம், "மேஸ்திரி, போடுறவங்களுக்கு மெத்துனு இருக்குதா கெட்டியா இருக்குதான்னே தெரியாதே, நீங்க ஏன் ஒவ்வொரு ஷீட்டா மீட்டர் வெக்கறீங்க?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கவரும் கொண்டுவந்தார். கவரையும் ஷீட்டையும் சேர்த்து வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விதான் என்னை நடுங்கவைத்தது. தெரியாதவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஆகும் என்கிற எண்ணத்திலிருந்துதான் உலகத்தில் பெரும்பாலான அநியாயம் தொடங்குகிறது. அதன் பிறகு மீட்டர் வைக்காமல் ஒரு ஷீட்டையும் உள்ளே எடுத்ததில்லை, வேலைப் பளு எவ்வளவு இருந்தாலும்.

இனி சபைக்கு வருகிறேன். எங்கள் கிராமச் சபையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். வாசலில் கருங்கல் படி. ஏப்ரல், மே மாதங்களில் ஆராதனை முடிந்து பதினோரு மணிக்கு வெளியே வந்தால் அந்தப் படியில் நாமே துள்ளித்தான் இறங்குவோம். பக்கத்துத் தொழுநோயாளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் துள்ள மாட்டார்கள், நிதானமாக இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வந்து காலைக் காட்டுவார்கள், கொப்புளம். ஆராதனைக்குப் போய் வாங்கின கொப்புளம். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உணர்வில்லாத காலுள்ளவர்கள் செருப்போடு உள்ளே வர அனுமதி வேண்டும் என்று சபைக் கமிட்டியில் கேட்டேன்.

ஒரு மூப்பர் உடனே எரிகிற முட்செடியைச் சொன்னார். மோசேயிடம் கர்த்தர் பாதரட்சையைக் கழற்றச் சொன்னாரே என்றார். பக்தியுள்ள மனிதர், மனதாரச் சொன்னார். நான் சிறுவயதிலிருந்தே வேதத்தில் செருப்பு வரும் இடங்களை எல்லாம் குறித்துவைத்தவன். செருப்புக்காரன் வேறு எதைத் தேடுவான்? பஸ்காவை இஸ்ரவேலர் காலில் செருப்போடுதான் சாப்பிட வேண்டியிருந்தது. நாற்பது வருட வனாந்தரப் பயணத்தில் அவர்கள் செருப்புகூடத் தேயாமல் கர்த்தர் பார்த்துக்கொண்டார். சிறைச்சாலையில் பேதுருவை எழுப்பிய தூதன் அரையைக் கட்டிச் செருப்பைப் போட்டுக்கொள்ளத்தான் சொன்னான். கெட்டுத் திரும்பிய இளைய மகனுக்கு அப்பா மோதிரத்தோடு செருப்பும் போடச் சொன்னார், ஏனென்றால் வேலைக்காரன்தான் வெறுங்காலோடு நிற்பான், மகன் நிற்க மாட்டான். இவற்றை எல்லாம் சொல்லிவிட்டு, "ஐயா, மோசேயின் காலுக்கு மணல் சுடுவது தெரிந்தது. இவங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்களைக் கழற்றச் சொன்னாரென்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். கமிட்டியில் சத்தம் வந்தது. சிலர் என்னைப் பெருமைக்காரன் என்றார்கள். ஆயர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார், முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார். அடுத்த கூட்டத்திலும் தள்ளினார்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. தெருவில் போடாத தனிச் செருப்பு ஒன்றைச் சபையிலேயே வைத்துக்கொள்ளலாம், வாசலில் மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம். எனக்குத் திருப்தியில்லை. அலமாரியில் வரிசையாக இருக்கிற அந்தச் செருப்புகளைப் பார்த்தால் யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியுமே. குடியாத்தம் அம்மாவின் பேச்சு காதில் இருந்தது. ஆகவே முழங்கால் வலி, குதிகால் வெடிப்பு, ஆணிக்கால் என்று சொல்லிக்கொண்டிருந்த சபை மூத்தவர்களுக்கெல்லாம் அதே மெத்தை ரப்பரில் வீட்டுக்குள் போடுகிற செருப்பு தைத்துக் கொடுத்தேன். ரப்பரை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். அவர்களும் கொண்டுவந்து அதே அலமாரியில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி கலந்துபோயிற்று. அந்த மூப்பருக்கும் ஒரு ஜோடி தைத்தேன். வாங்கிக்கொண்டார், போட்டுக்கொண்டார். கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்டதில்லை.

என் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு பாட்டி திருவிருந்து எடுக்க எப்போதும் கடைசியில்தான் வருவார். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பானம்பண்ணுகிற வழக்கம் அப்போது. தனக்குப் பின்னால் யாரும் அருவருக்கக் கூடாதென்று அவராகவே அப்படி வைத்துக்கொண்டார். என் மனைவி இதைக் கவனித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்து உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். பாட்டி எழுந்து நடந்ததும் இவளும் எழுந்து பின்னால் போய் அவருக்கு அடுத்தபடியாக முழங்காலில் நின்றாள். அதற்குப் பிறகு எல்லாத் திருவிருந்திலும் அப்படியே. மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நோய் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் சார்ட் போட்டு மாட்டியிருந்தோம். அந்தச் சார்ட்டால் முடியாததை அவள் செய்தாள். ஒரு வருடத்துக்குள் இன்னும் சில பெண்கள் அவளுக்குப் பின்னால் வரத் தொடங்கினார்கள்.

2005 டிசம்பரோடு, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். நல்ல செய்திதான், அதற்காக உழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் செத்த நரம்பு அறிவிப்பால் உயிர்க்காது. பழைய கால்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன, நாட்டில் ஆண்டுதோறும் லட்சத்தை ஒட்டிப் புதியவர்களும் கண்டறியப்படுகிறார்கள். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகள் 2019-ல்தான் போயின.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் சர்க்கரைக்காரர்கள். சர்க்கரையும் அதே உள்ளங்கால் நரம்பைத்தான் கெடுக்கிறது. பிராண்ட் டாக்டர் கார்வில் போன பிறகு, இங்கே தொழுநோய்க் கால்களிடம் கற்றதைச் சர்க்கரைக் கால்களுக்குப் பயன்படுத்தினார். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த மனிதர்களின் பாதங்களிலிருந்து கிடைத்த அறிவுதான் இன்றைக்கு வாத்தியார், வியாபாரி, ஆயர், அதிகாரி எல்லாருடைய காலையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நான் சபைகளில் பேசக் கூப்பிடும் இடமெல்லாம் சொல்கிறேன், அந்த மனிதர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று.

ஓய்வு பெற்ற பிறகும் பழகிய வேலையை விடவில்லை. ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் காவி உடுத்தி வெறுங்காலோடு நடக்கிறவர்கள் எங்கள் பக்கத்திலிருந்தும் புறப்படுவார்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்குள் போய்ச் சேர வேண்டும். கத்தோலிக்கரும் உண்டு, இந்துக்களும் உண்டு. நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன், அந்த நேர்த்திக்கடன் என் வழக்கமில்லை. ஆனாலும் புறப்படும் முன்தினம் பங்குத் தந்தையிடம் கேட்டு, பழைய பட்டறைப் பையன்கள் இரண்டு பேரோடு கோவில் வளாகத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்காருகிறோம். சர்க்கரை இருக்கிறவர்களின் பாதத்தில் பத்து கிராம் நைலான் இழையை வைத்து வளையும்வரை அழுத்துவோம். கண்ணை மூடிக்கொண்டு, படுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படவில்லை என்கிறவர்களிடம்தான் பேச்சு நீளும். முந்நூறு கிலோமீட்டரை வெறுங்காலில் நடந்தால் அந்தக் கால் திரும்பி வராமலே போகலாம் என்று சொல்வோம். அழுதவர்கள் உண்டு, கோபித்தவர்கள் உண்டு. ஒரு தந்தை எங்களுக்கு உதவியாக, செருப்போடு நடந்தாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பலிபீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். அது எங்கள் பேச்சைவிடப் பத்து மடங்கு வேலை செய்தது. அளவு எடுத்து வைத்திருக்கிற ஜோடிகளை மாட்டி, வழியில் ஒவ்வொரு தங்கலிலும் காலைக் கழுவித் துடைத்துக் கூட வருகிறவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், சிவப்போ சூடோ இருந்தால் அங்கிருந்து பஸ் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் ஊரிலிருந்தும் இப்படி ஒரு கூட்டம் புறப்படுமானால், சர்க்கரை இருக்கிறவர்களை முன்தினமே ஒரு டாக்டரிடமோ கால் பார்க்கத் தெரிந்த நர்ஸிடமோ காட்டச் சொல்லுங்கள். இழை கிடைக்காவிட்டால், கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியால் பாதவிரல்களை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.